குடித்துவிட்டுக் கைநீட்டிய ஃபார்வர்டை ஃபைனலில் இறக்கலாமா?

கச்சான்காத்து (பாம்பன்)

தடைக்காலம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. படகெல்லாம் கரையில் நிற்பதால் எங்கள் பக்கம் சாயங்காலமானால் பந்துதான், ஊருக்கொரு டோர்னமென்ட். எங்கள் டீம் போன வியாழன் செமி ஃபைனல் ஜெயித்தது. இரண்டு கோலும் எங்கள் லெஃப்ட் விங் பையன் அடித்தது. அன்று ராத்திரி அவன் குடித்துவிட்டுப் பரோட்டாக் கடையில் தகராறு செய்து, மாஸ்டரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அவர் கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நாங்கள்தான் போய்க் கெஞ்சிச் சமாதானம் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை தேவிபட்டினத்தில் ஃபைனல். அவனை இறக்கக் கூடாது என்று சொன்னதிலிருந்து டீமில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பெரிய கிளப்புகள் இந்த மாதிரி ஆட்களை எப்படிச் சமாளிக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இடதுகால் (கீழக்கரை)

அண்ணே, ஒதுக்குவது சுலபம். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் கேப்டன் டோனி ஆடம்ஸ் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மோதிய வழக்கில் 1990 டிசம்பரில் ஜெயிலுக்கே போனார். நான்கு மாதத் தண்டனையில் பாதி கழித்து வெளியே வந்தார். கிளப் கைவிடவில்லை. வந்து ஆடினார், அந்த சீசன் லீக் பட்டமும் ஆர்சனலுக்குத்தான். அதே ஆள் கேப்டனாக இருந்து 1998இலும் 2002இலும் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால் இதெல்லாம் ஏது?

உங்கள் பையனைச் சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது குடிக்காமல் வைத்திருப்பது பந்துதான். அதையும் பிடுங்கினால் பகலிலேயே குடிப்பான்.

பாம்பன் கோலி

நானும் அதே டீம்தான். கச்சான் அண்ணன் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அவன் செய்தது தப்பு, சரி. ஆனால் பதினைந்து பேர் ஒரு மாதமாகக் கச்சான் காற்றில் கண்ணில் மண் விழ ஓடியிருக்கிறோம். ஒருத்தன் செய்ததற்கு எல்லாரும் ஏன் தோற்க வேண்டும்? 2021 டிசம்பரில் இதே ஆர்சனல், வெளிநாடு போய்விட்டு நேரத்துக்குத் திரும்பவில்லை என்று அபமெயாங்கின் கேப்டன் பதவியைப் பறித்தது. இரண்டு மாதத்தில் அவர் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். அந்த சீசன் ஆர்சனல் ஐந்தாவது இடம், அடுத்த சீசன் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் வாய்ப்பு கைநழுவிப் போனது. யாருக்கு நஷ்டம்?

கச்சான்காத்து (பாம்பன்)

தம்பி, அடுத்த சீசன் அதே ஆர்சனல் இரண்டாவது இடம். அதையும் சேர்த்துச் சொல்.

கீழக்கரைத் தம்பி ஆடம்ஸ் கதையில் நடுவில் ஒரு துண்டை விட்டுவிட்டார். ஜெயிலிலிருந்து வந்ததும் அவர் குடியை விட்டுவிடவில்லை. தான் குடிநோயாளி என்று டீமிடம் வாய்விட்டு ஒத்துக்கொண்டது 1996 செப்டம்பரில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல். அத்தனை நாளும் ஆர்சனல் அவரை வைத்து ஆடியது, கோப்பைகளும் ஜெயித்தது. கோப்பை எதுவும் அவர் குடியை நிறுத்தவில்லை. 2000இல் விளையாட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு மீட்பு மையத்தை அவரே தொடங்கினார். ஆட இடம் கொடுத்தாலே சரியாகிவிடும் என்றால் மையம் எதற்கு?

விசில் (ஏர்வாடி)

பெரிய கிளப்பின் கணக்கே வேறு என்பதை மறந்து பேசுகிறீர்கள். அங்கே ஆட்டக்காரர் கிளப்பின் சொத்து. ஒப்பந்தத்தை முறித்தால் அவர் வேறு கிளப்பில் போய்ச் சேர்ந்துவிடுவார், வாங்கப் போட்ட பணம் போனது போனதுதான். அதனால் இங்கிலாந்தில் வழக்கமாக அபராதத்தோடு விடுவார்கள், அதுவும் பெரும்பாலும் இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல் போகாது. அதற்கும் மசியாதவரைத் தனியாகப் பயிற்சி செய்யச் சொல்வார்கள், இல்லையென்றால் லோனில், அதாவது இரவலாக, வேறு டீமுக்கு அனுப்புவார்கள்.

செல்சி ஒருமுறை துணிந்தது. 2004இல் கொக்கெயின் சோதனையில் மாட்டிய அட்ரியன் முட்டுவை வேலையை விட்டே எடுத்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் முட்டு 1.7 கோடி யூரோவுக்கு மேல் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் அவர் இத்தாலியில் யுவென்டஸ், ஃபியோரென்டினா என்று ஆடிக்கொண்டிருந்தார்.

நம் ஊர் டீமில் ஒப்பந்தமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு ஜெர்சி, பெட்ரோல் காசு, ஜெயித்தால் பிரியாணி. நம் கையில் இருக்கிற ஒரே பிடி அந்தப் பதினோரு பேரில் ஓர் இடம். முதல் இரண்டு தடவையும் அதைத் தொடாமல் விட்டீர்கள். இப்போது மூன்றாவது தடவை.

தொண்டி டீச்சர்

எல்லாரும் பையனைப் பற்றியும் கோப்பையைப் பற்றியும் பேசுகிறீர்கள். கை முறிந்த மாஸ்டர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவராவது கேட்டீர்களா?

என் அப்பா பரோட்டா மாஸ்டர். எண்ணெய் தடவிய கல்லில் மாவை அடித்து வீசும்போது தோள் வேலை செய்வதாகத் தெரியும். அப்படியில்லை, எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த அன்றே கடைக்குப் போனார். முதல் வீச்சிலேயே மாவு ஓரத்தில் கிழிந்தது. மடித்து உருட்டித் திரும்ப வீசினார், திரும்பவும் கிழிந்தது. மாதக்கணக்கில் வெங்காயம் வெட்டினார், பாதிக் கூலிக்கு.

2022இல் வெஸ்ட்ஹாம் ஆட்டக்காரர் கர்ட் சூமா தன் வீட்டுப் பூனையை உதைக்கும் வீடியோ வெளியானது. மறுநாள் மேட்சில் அவரை இறக்கினார்கள், சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அதற்கடுத்த நாள் கிளப் உச்சபட்ச அபராதம் போட்டு, அந்தப் பணத்தை விலங்கு நல அமைப்புகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. கோர்ட் 180 மணி நேரச் சமூக சேவை விதித்தது. பூனையை உதைத்ததற்கே இவ்வளவு. உங்கள் மாஸ்டருக்கு என்ன கொடுத்தீர்கள்?

இடதுகால் (கீழக்கரை)

டீச்சர், நான் அதைக் கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். சரி, ஒரு வழி சொல்கிறேன். அவன் ஆடட்டும், ஜெயித்தால் அவன் பங்குப் பரிசுப் பணம் முழுவதும் மாஸ்டருக்கு.

தொண்டி டீச்சர்

தோற்றால்?

கச்சான்காத்து (பாம்பன்)

அதுதான் கேள்வி. மாஸ்டரின் கூலி எங்கள் பெனால்டியை நம்பி இருக்கக் கூடாது. அது டீம் கொடுக்க வேண்டிய கடன். மூன்றாவது தடவை இது நடந்ததற்கு எங்களுக்கும் பங்கு உண்டு.

இடதுகால் (கீழக்கரை)

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவனைத் தனியாக விட்டுவிடாதீர்கள். நியூகாசில் 2023இல் பெரிய விலை கொடுத்து இத்தாலியின் மிலான் கிளப்பிலிருந்து டொனாலி என்ற ஆட்டக்காரரை வாங்கியது. சில மாதத்திலேயே சூதாட்ட வழக்கில் அவருக்குப் பத்து மாதத் தடை வந்தது. கூடவே சிகிச்சையும், அனுபவத்தை மற்றவர்களுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும். மேட்ச் ஆட முடியாது. ஆனால் கிளப் அவரைத் தங்களோடேயே பயிற்சியில் வைத்திருந்தது. 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று வென்று நியூகாசில் லீக் கோப்பையைத் தூக்கியபோது டொனாலியும் களத்தில் இருந்தார். 1955க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் உள்நாட்டுக் கோப்பை அது. மேட்ச் வேண்டாம் என்றால் வேண்டாம். பயிற்சிக்காவது வரவிடுங்கள்.

கச்சான்காத்து (பாம்பன்)

நேற்று சாயங்காலம் கூடிப் பேசினோம். அவனையும் கூப்பிட்டிருந்தோம். கவிழ்த்துப் போட்ட வத்தை (சின்னப் படகு) மேல் உட்கார்ந்தான். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். மணி ஆறுதான் இருக்கும், கிளாஸ் அவன் கையில் நிற்கவில்லை. டீ விரலில் வழிந்து கைலியில் சொட்டியது. வலை பொத்துகிற கை அது. ஊசியைக் கோத்தால் கண் பார்க்காமலே போடுவான். அதைப் பார்த்ததும் அவனுக்காகச் சத்தம் போட வந்தவர்கள்கூட ஒன்றும் பேசவில்லை.

முடிவு இதுதான். ஞாயிறு அவன் ஆடவில்லை. மாஸ்டருக்குக் கட்டுப் பிரித்து வேலைக்குப் போகும் வரை வாரக்கூலி டீம் பொறுப்பு. பாதி எங்கள் பொதுப் பணம், பாதி தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதும் அவன் பங்கில் பிடித்தம். பயிற்சிக்குத் தினமும் வரலாம், ஆனால் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்து மருந்து எடுத்துக்கொண்டால்தான். மாஸ்டர் வீட்டுக்கு அவனே போய் நிற்க வேண்டும். இந்தத் தடவை நாங்கள் கெஞ்சப் போவதில்லை.

பாம்பன் கோலி

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவன் இல்லாமல் இடது பக்கம் காலி. பிளஸ் டூ பையன் ஒருவனை இறக்குகிறோம், அவனுக்கு ஷூ ஒரு சைஸ் பெரிது, முன்னால் துணி அடைத்துக் கொடுத்திருக்கிறோம். ஞாயிறு ஒன்றரைக்குக் குட்டியானை கிளம்பும். ஜெர்சியை மறக்காதீர்கள்.

திங்கட்கிழமை அவனை நான் கூட்டிப் போகிறேன். பைக் வேண்டாம், பஸ்ஸில். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.