விஸ்காம் புராஜெக்ட்: ஃபில்டர் மாதிரி தெரியாத எஃபெக்ட், ஜிம்ப்பில் என்ன செய்யலாம்?

இரண்டாம்_ஆண்டு_விஸ்காம்

வணக்கம். செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு எட்டுப் படம் கொடுக்க வேண்டும். தலைப்பு "நகரும் நகரம்". இடங்கள் மெரினா, தி.நகர் ரங்கநாதன் தெரு, மயிலாப்பூர் மாட வீதி. மொபைல் ஆப்பில் இருக்கும் ரெடிமேட் எஃபெக்ட் போட்டுக் காட்டினேன். "ஃபில்டர் தெரியுது, நீ செஞ்சது எங்கே?" என்று கைடு திருப்பிவிட்டார்.

கையில் இருப்பது: 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸ், ஒரு சாதா ட்ரைபாட், 8 ஜிபி ரேம் லேப்டாப், ஜிம்ப் 2.10 (இலவச எடிட்டிங் மென்பொருள்). ஃபோட்டோஷாப் கிடையாது. கடைசியில் பிரிண்ட் போட்டுத் தரணும். எந்த எஃபெக்ட்டை எங்கே வைத்தால் பொருந்தும்? ஸ்டெப் சொன்னால் நல்லது.

ஒத்தைக்கால்_ட்ரைபாட்

தம்பி, எஃபெக்ட்டை லேப்டாப்பில் தேடுவதுதான் சிக்கல். எடுக்கும்போதே அதற்காக எடுத்தால் யாரும் ஃபில்டர் என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் தலைப்புக்கு ஹாரிஸ் ஷட்டர் அளந்து தைத்த மாதிரி இருக்கும். கோடாக் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் ஹாரிஸ் பெயரால் வந்தது. ஒரே ஃபிலிமில் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர் வழியாக மூன்று முறை எக்ஸ்போஸ் செய்வது. அசையாத பொருள் இயல்பான நிறத்தில் வரும், அசைந்தது மட்டும் வண்ணமாகப் பிரியும். டிஜிட்டலில் மூன்று ஃபிரேம் போதும்.

எடுப்பது: ட்ரைபாட், மேனுவல் எக்ஸ்போஷர், மேனுவல் ஃபோகஸ். ஒயிட் பேலன்ஸை "டேலைட்" என்று பூட்டிவிடுங்கள், ஆட்டோ வேண்டவே வேண்டாம். ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மாறினாலும் படம் முழுக்க ஒரு நிறச் சாயம் ஏறும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஆஃப். இடைவெளி அலைக்கு அரை முதல் ஒரு விநாடி, நடக்கும் ஆட்களுக்கு இரண்டு மூன்று விநாடி, மேகத்துக்கு அரை நிமிடமாவது. அலையின் நுரை விளிம்பு கூர்மையாக வர ஷட்டர் 1/250 விநாடி, கரைந்து வர 1/15.

மெரினாவில் கடல் கிழக்கே. விடியலில் போனால் எதிர்வெயில், நுரை இருண்டுவிடும். மாலை நாலரைக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்போது நுரை வெள்ளையாக மின்னும். இந்த எஃபெக்ட்டுக்கு வெள்ளை நுரைதான் வேண்டும்.

சேர்ப்பது:

1. "ஃபைல் → ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்". மூன்றையும் ஒரே கோப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாகத் திறக்கவும்.
2. முதல் லேயரில் "கலர்ஸ் → காம்போனன்ட்ஸ் → சேனல் மிக்ஸர்". பச்சை, நீல வெளியீட்டைப் பூஜ்யமாக்கி, சிவப்பை மட்டும் விடவும்.
3. இரண்டாவதில் பச்சை மட்டும், மூன்றாவதில் நீலம் மட்டும்.
4. மேலே உள்ள இரண்டு லேயருக்கும் மோடை "அடிஷன்" ஆக்கவும். முடிந்தது.

பலரும் சறுக்குவது இரண்டாவது ஸ்டெப்பில். ஃபிரேமைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு சேனலில் (சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்று) போட்டால் மணல், படகு, கட்டடம் எல்லாம் சாம்பலாகிவிடும். அந்தந்த ஃபிரேமின் சொந்த சேனலைத்தான் எடுக்க வேண்டும்.

என்ன நிறம் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். இருண்ட தண்ணீரில் நுரை முதல் ஃபிரேமில் மட்டும் இருந்த இடம் சிவப்பு, முதல் இரண்டில் இருந்தால் மஞ்சள், கடைசி இரண்டில் சியான், மூன்றிலும் இருந்தால் வெள்ளை. வெளிச்சமான சுவருக்கு முன்னால் கறுப்புச் சட்டைக்காரர் நடந்தால் எல்லாம் தலைகீழ்: முதல் ஃபிரேமில் நின்ற இடம் சியான், அடுத்தது மெஜந்தா, அடுத்தது மஞ்சள். இதைத் தெரிந்துகொண்டு போனால் பின்னணியைத் தேர்ந்தெடுக்கவே மூளை மாறிவிடும். கைடு கேட்டாலும் பதில் இருக்கும்.

மாடவீதி_மேக்ரோ

மாட வீதிக்கு டபுள் எக்ஸ்போஷர், அதாவது ஒரே படத்தில் இரண்டு படம், பாருங்கள். முகமும் கோலமும்.

இரண்டையும் லேயராக வைத்து மேல் லேயரின் மோடை "ஸ்க்ரீன்" ஆக்குங்கள். அதன் கணக்கு எளிது: இரண்டு படத்தின் நெகட்டிவையும் பெருக்கி, வந்ததைத் திரும்ப நெகட்டிவ் ஆக்குவது. ஒன்றில் வெள்ளையாக இருக்கும் இடம் வெள்ளையாகவே நிற்கும், கறுப்பாக இருக்கும் இடத்தில் மற்றப் படம் தெரியும். ஆகவே வெள்ளைப் பின்னணியில் இருண்ட பக்கவாட்டு முகம் எடுத்தால், கோலம் முகத்துக்குள் மட்டும் விழும். கத்தரித்து ஒட்டும் வேலையே இல்லை.

பின்னணிக்கு ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டி, ஆளை முன்னால் நிறுத்துங்கள். ஹிஸ்டோகிராமில் (0 கறுப்பு, 255 வெள்ளை என்று வெளிச்சம் காட்டும் வரைபடம்) வேட்டி 250க்கு மேல், முகம் 60க்குக் கீழ் இருக்கட்டும். சட்டையும் கறுப்பாக இருந்தால் நல்லது. கோலத்தை நேர் மேலிருந்து, தெளித்த தண்ணீர் காயும் முன் எடுக்கவும். ஈரத் தரை இருண்டு இருக்கும். காய்ந்துவிட்டால் வெளுத்து, கோலத்துக்கும் தரைக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். வெயில் ஏறினால் உங்கள் நிழலும் கூடவே விழும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், தரை போதுமான கறுப்பில்லாதபோது. முகம் 60, தரை 40 என்றால் ஸ்க்ரீன் செய்தபின் சுமார் 90 ஆகிவிடும், மூடுபனி போட்ட மாதிரி வெளுக்கும். அதனால் கோலப் படத்தில் முதலில் "லெவல்ஸ்" திறந்து கறுப்பு முனையைத் தரையின் அளவு வரை இழுத்துப் பூஜ்யமாக்குங்கள். பிறகு லேயர் மாஸ்க் வைத்து, 30 சதவீத பிரஷ்ஷில் கண் பக்கம் கோலத்தை லேசாக அழிக்கவும். கண் தெரியாவிட்டால் யார் முகம் என்றே புரியாது.

கோபுரத்தையும் இப்படி வைக்கலாம், ஆனால் வானம் வெள்ளையாக இருப்பதால் முகத்தின் பாதி காணாமல் போகும். எனக்குக் கோலம்தான் பிடிக்கிறது. கோபுர டபுள் எக்ஸ்போஷர் கல்யாண ஆல்பம் வரைக்கும் வந்து தேய்ந்துவிட்டது.

சராசரி_மனிதன்

ரங்கநாதன் தெருவுக்கு யாராவது "மீடியன் ஸ்டாக் போட்டு ஆளே இல்லாத தெரு" என்று சொன்னால் கேட்காதீர்கள். மீடியன் என்பது பல ஃபிரேமை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுப்பது. அதில் ஒரு பிக்சல் பாதிக்கு மேற்பட்ட ஃபிரேம்களில் காலியாக இருந்தால்தான் தரை கிடைக்கும். அந்தத் தெருவில் தரை எப்போது தெரிந்தது? சேறு மாதிரி ஒரு கலவைதான் மிஞ்சும்.

அங்கே பல ஃபிரேமை அடுக்கிச் சராசரி எடுங்கள். கூட்டம் புகையாக ஓடும், பெயர்ப் பலகைகள் கூர்மையாக நிற்கும். எட்டு ஃபிரேம், ஒவ்வொன்றும் 1/4 விநாடி. ஷட்டர் வேகமாக இருந்தால் புகைக்குப் பதிலாக ஒரே ஆள் எட்டு நகலாகத் தெரிவார். ஜிம்ப்பில் பிளக்இன் வேண்டாம், கீழிருந்து மேலாக லேயர்களின் ஒபாசிட்டி (கீழுள்ளதை மறைக்கும் சதவீதம்) 100, 50, 33.3, 25, 20, 16.7, 14.3, 12.5. அதற்கு முன் "இமேஜ் → பிரிசிஷன்" போய் 16 பிட் ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் சாய்வான நிறங்களில் பட்டை விழும்.

உங்கள் ரேமுக்கு ஒரு கணக்கு: 24 மெகாபிக்சல், 16 பிட், ஆல்ஃபாவோடு (ஒளிபுகும் அளவைக் குறிக்கும் நான்காவது சேனல்) ஒரு லேயர் சுமார் 190 எம்பி. எட்டு லேயர் தாங்கும், இருபது வைத்தால் லேப்டாப் திணறும். பிரிண்ட் அளவுக்குச் சுருக்கிவிட்டு அடுக்குங்கள். உயரத்திலிருந்து எடுக்க நடைமேம்பாலம் எதையும் நம்பாதீர்கள், ஆட்கள் நடக்கும்போது அதிரும். ஏதாவது ஒரு கடையில் கேட்டு மாடி ஜன்னல் பிடியுங்கள்.

இரண்டாம்_ஆண்டு_விஸ்காம்

ரொம்ப நன்றி அண்ணா, எல்லோருக்கும். ஹாரிஸ் ஷட்டர் முயன்று பார்த்தேன். அலை அருமையாகப் பிரிந்தது. ஆனால் தூரத்தில் கலங்கரை விளக்கத்தின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் சியான் கோடு. எடிட்டிங்கில் தப்பா?

ஒத்தைக்கால்_ட்ரைபாட்

மூன்று காரணம் இருக்கலாம், 100 சதவீத ஜூமில் பார்த்தால் பிரித்துவிடலாம்.

கோடு படம் முழுக்க ஒரே திசையில், ஒரே அகலத்தில் இருந்தால் ட்ரைபாட் நகர்ந்திருக்கிறது. ஈர மணலில் அலை திரும்பும்போது கால் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் உள்ளங்கை அகல பிளைவுட் துண்டு வையுங்கள், ஷட்டருக்கு 2 விநாடி டைமர் அல்லது ரிமோட். எடுத்ததைக் காப்பாற்ற, மூவ் டூலில் பச்சை லேயரையும் நீல லேயரையும் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி, ஓரத்தை கிராப் செய்யலாம். அடிஷன் முறையில் லேயர் தனித்தனியாக இருப்பதன் லாபம் இது.

நடுவில் சுத்தமாக இருந்து மூலைக்குப் போகப் போகக் கோடு தடித்தால் அது லென்ஸின் நிறப் பிழை. ஒற்றை ஃபிரேமிலேயே இருக்கும். ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் பதிந்தது) திறக்கும்போது லென்ஸ் கரெக்ஷனை ஆன் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

அருகில் உள்ளது சரியாக இருந்து தூரத்தில் உள்ளது மட்டும் நெளிந்தால் சூடான மணலின் மேல் காற்று அலைகிறது. அதை எடிட்டிங்கில் சரிசெய்ய வழியில்லை. வெயில் தாழ்ந்தபின் திரும்ப எடுங்கள்.

ஏ3_பிரிண்ட்

பிரிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. ஏ3 வேண்டாம், ஃபோட்டோ லேப்பில் 12×18 அங்குலம் கேளுங்கள். டிஎஸ்எல்ஆரின் 3:2 விகிதம் அப்படியே பொருந்தும். ஏ3 என்றால் நீளத்தில் 6 சதவீதம் போல வெட்டுப்படும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5400×3600 பிக்சல், உங்கள் கேமராவில் தாராளமாக இருக்கிறது. சராசரி ஸ்டாக்கைச் சுருக்கித்தான் அடுக்க முடிந்தது என்றால் 200 டிபிஐ, 3600×2400, கை நீளத் தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

ஹாரிஸ் ஷட்டர் படத்தில் சுத்த சியான், சுத்த பச்சை வரும். கலர் ஜெராக்ஸ் வகை டிஜிட்டல் பிரஸ்ஸில் அவை மங்கி, திரையில் பார்த்ததில் பாதிதான் இருக்கும். ஃபோட்டோ பேப்பரில் கொஞ்சம் பரவாயில்லை. எதில் போட்டாலும் எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் பயன்படும் நிற வரையறை), 8 பிட் ஜேபெக் கொடுங்கள். லேப்பில் "ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் வேண்டுமென்று வைத்த நிறச் சாயத்தை மெஷின் "திருத்தி" விடும். முதலில் எட்டுப் படத்தையும் 4×6 அளவில் போட்டுப் பாருங்கள். பெரிய தாளில் ஒரு பிரிண்ட் வீணாகும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.