20 நானோமீட்டர் துகள்களின் வேதி இயைபு: நிறை நிறமாலைமானி ஏன் ஒன்றும் காட்டவில்லை?

கேள்வி:
வணக்கம். காற்றில் புதிதாக உருவாகும் துகள்களை அளந்து வருகிறோம். 10 முதல் 30 நானோமீட்டர் வரையிலான துகள்கள் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருப்பதாக எண்ணும் கருவி காட்டும் வேளையிலும், பக்கத்திலேயே ஓடும் ஏரோசால் நிறை நிறமாலைமானியில் (காற்றிலுள்ள துகள்களை ஆவியாக்கி, அயனியாக்கி, அவற்றின் வேதிப்பொருள்களை நிறையால் அளக்கும் கருவி) சல்பேட்டோ கரிமப் பொருளோ சற்றும் உயர்வதில்லை. கருவியில் பழுதா, அல்லது முறையே பொருந்தவில்லையா?

முதல் மறுமொழி:
பழுதாகத் தோன்றவில்லை. துகளின் நிறை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் அடர்த்தி என்று கொண்டால், 10 நானோமீட்டர் துகள் ஒன்றின் நிறை ஏறத்தாழ 0.8 அட்டோகிராம் (ஒரு அட்டோகிராம் என்பது ஒரு நானோகிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). அப்படிப்பட்டவை கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் இருந்தாலும், ஒரு கன மீட்டர் காற்றில் அவற்றின் மொத்த நிறை ஒரு நானோகிராமை எட்டாது. 500 நானோமீட்டர் துகள் ஒன்றே அவற்றில் 1,25,000 துகள்களுக்கு ஈடாகும். எண்ணிக்கையைப் பார்த்து நிறையை எதிர்பார்ப்பதுதான் சிக்கல்.

மேலும், இக்கருவியின் நுழைவிலுள்ள காற்றியக்க வில்லை (காற்றோட்டத்தால் துகள்களை ஒரு மெல்லிய கற்றையாகக் குவிக்கும் பகுதி) சுமார் 70 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களையே நன்றாகக் குவிக்கும். அதைவிடச் சிறியவை பிரவுனியன் இயக்கத்தால் (வாயு மூலக்கூறுகள் மோதுவதால் எழும் ஒழுங்கற்ற அசைவால்) சிதறி, துகள்களைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதியைத் தவறவிடுகின்றன.

இரண்டாம் மறுமொழி:
அப்படியானால் சேகரித்துத்தான் அளக்க வேண்டும். துகள்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்தில் அவை நகரும் வேகத்தைக் கொண்டு அளவுவாரியாகப் பிரித்து, உயர் மின்னழுத்தம் கொடுத்த மெல்லிய உலோகக் கம்பியில் சில நிமிடங்கள் படியவிட்டு, பின் கம்பியைச் சூடாக்கி, எழும் ஆவியை வேதி அயனியாக்கத்துக்கு (வேறு அயனிகளோடு வினைபுரியவிட்டு மின்னூட்டம் கொடுப்பதற்கு) உட்படுத்தி, நிறை நிறமாலைமானியால் அளக்கும் முறை இதற்கென்றே உள்ளது. வழக்கமான முறையில் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் மோதும்போது மூலக்கூறுகள் துண்டுகளாகிவிடும். வேதி அயனியாக்கம் என்ற இம்மென்மையான முறையில் அவை பெரும்பாலும் உடையாமல் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்பியில் வாயுக்களும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மின்னழுத்தம் இல்லாமல், அதாவது துகள்கள் படியாதபடி, அதே நேர அளவுக்கு வெற்று அளவீடு எடுத்துக் கழிக்க வேண்டும். வெற்று அளவீடு இல்லாத முடிவை நான் நம்புவதில்லை. சூடேற்றும்போது உப்புகள் சிதைவதும் உண்டு. அம்மோனியா தெரிந்தால் அது எந்த உப்பிலிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது.

கேட்டவர்:
நன்றி. எங்களிடம் உள்ள இருமுனை மின்னூட்டி (நேர், எதிர் அயனிகள் இரண்டையும் கொண்டு துகள்களுக்கு மின்னூட்டம் தருவது), 10 நானோமீட்டர் துகள்களில் சுமார் 5 விழுக்காட்டுக்கே மின்னூட்டம் தருகிறது. ஒரே வகை அயனிகளைக் கொண்ட ஒருமுனை மின்னூட்டிக்கு மாறலாமா?

இரண்டாம் மறுமொழி அளித்தவர்:
மாறலாம், சேகரிப்பு பெருகும். ஆனால் அதில் பெரிய துகள்கள் பல மின்னூட்டங்களை ஏற்று, சிறியவற்றின் நகர்திறனோடு (மின்புலத்தில் நகரும் வேகத்தோடு) உள்ளே வந்துவிடும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று நுழைந்தால், 10 நானோமீட்டர் துகள்கள் ஆயிரத்தின் நிறை கூடிவிடும். ஆகவே கம்பிக்குச் செல்லும் காற்றின் அளவுப் பரவலை இன்னொரு பிரிப்பானால் சரிபார்த்த பிறகே சேகரிக்கத் தொடங்குங்கள்.

மூன்றாம் மறுமொழி:
மூலக்கூறுகள் வேண்டாம், தனிமங்களின் விகிதம் போதும் என்றால் வேறு வழியும் உண்டு. மின்னூட்டிய துகளை அயனிப் பொறியில் (மின்புலங்களால் துகளை அந்தரத்தில் பிடித்து வைக்கும் அமைப்பில்) பிடித்து, வலுவான லேசர் துடிப்பால் பிளாஸ்மாவாக்கினால் (அணு அயனிகளாக உடைத்தால்), கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றின் அணு விகிதம் கிடைக்கும். சேகரிப்புக் கம்பி இல்லாததால் வாயு ஒட்டும் தொல்லையும் இதில் எழாது.