மறு: கிரவுண்ட் லூப், ஹம் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> கிரவுண்ட் லூப் = புவி வளையம்; ஹம் = இரைச்சல். சரிதானே அண்ணாச்சி?

தம்பி, எனக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை. பாட்டுப் பெட்டிகளை ஒயரால் இணைக்கும்போது எர்த்து வழியே வருகிற கோளாறு கிரவுண்ட் லூப்; அதனால் ஸ்பீக்கரில் கேட்கிற ‘ம்ம்ம்’தான் ஹம்.

புவி வளையம் என்றதும் சனிக்கோளின் வளையம்தான் கண்ணுக்குள் வருகிறது. அதையாவது விட்டுவிடலாம். கோளாறு எங்கே என்பதை அந்தச் சொல் காட்டவில்லை, அதுதான் எனக்குக் கவலை.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளறையில், ஆம்ப்ளிஃபயர் பட்டாசலில் (முன்கூடத்தில்). கம்ப்யூட்டரின் பச்சை ஜாக்கில் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பின்கள் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளைகளில். காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவு ஒன்றைப் போட்டேன். நாதஸ்வரம் அடங்கி இழைகிற இடத்தில், சுருதி பிடிக்கிற ஒத்துக்குழல் ஒரு சுருதியில் நிற்க, அதோடு ஒட்டாத இன்னொரு சுருதியில் ‘ம்ம்ம்’ என்று ஏதோ கூடவே நின்றது. பாட்டை நிறுத்தியும் அது ஓயவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரை உருவியதும் ஓய்ந்தது.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், “எர்த்துதான் அண்ணாச்சி பிரச்சினை. பிளக்குல அந்த மூணாவது பின்னை, எர்த்துப் பின்னைக் கழட்டிருங்க, சரியாயிரும்” என்றார். சத்தம் நிற்கும், உண்மைதான். நாளைக்கு உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய்ப் பெட்டியில் கரண்ட் ஏறினால், தொடுகிற பிள்ளையின் கதி என்ன?

எர்த்து மேல் பழி இல்லை. இரண்டு பெட்டியும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் எர்த்தைத் தொடுகின்றன. அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வேறுபாடு. பாட்டுக்காக நாம் இழுத்த ஒயரின் வெளிப்பின்னல் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட, அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடி ஸ்பீக்கரில் வந்து நிற்கிறது. இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன், அடங்கிவிட்டது. அப்படியும் அடங்காவிட்டால் பாட்டு ஒயருக்கு நடுவே, பாட்டை மட்டும் கடத்தி எர்த்துத் தொடர்பை அறுக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போடலாம். மூன்றாவது பின்னில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அதனால் சொல்லுக்குள் ‘இரண்டு’ இருந்தே ஆகவேண்டும். ‘இரட்டை எர்த்துச் சுற்று’ என்று முன்வைக்கிறேன். எர்த்து தமிழா என்று கேட்பீர்கள். குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு, கோடையில் அதற்குக் குடம் தண்ணீர் ஊற்றுகிற நமக்கு அது எப்போதோ வீட்டுச் சொல். கடைக்காரர் வாயில் ‘ரெட்டை எர்த்து’ என்று சுருங்கினாலும் பொருள் கெடாது.

ஹம்முக்கு இரைச்சல் வேண்டாம். மணிமுத்தாறு அருவி இரைகிறது; எல்லாச் சுருதியும் கலந்த ஓசை அது. கேசட்டில் வருகிற ‘ஸ்ஸ்ஸ்’ஸுக்குப் பொருந்தும். ரீங்காரம் வண்டுக்கு, கேட்க இனிமை. கோயில் கொடையில் உறுமி மேளத்தின் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அடிவயிற்றில் இறங்குகிறதே, அதற்குப் பக்கத்தில் வருவது உறுமல்.

– பாளையங்கோட்டையிலிருந்து

> இரட்டை எர்த்துச் சுற்று

அண்ணாச்சி, உறுமல் பிரமாதம். ‘சுற்று’தான் இடிக்கிறது. சர்க்யூட்டுக்கு அதைத்தானே வைத்திருக்கிறோம்? ஒழுங்காக வேலை செய்கிற சர்க்யூட்டும் சுற்றுதான். கயிற்றிலும் வலையிலும் விழுகிற ‘கண்ணி’ எப்படி? மாட்டிக்கொள்வதும் அதில் இருக்கிறது.

– அம்பாசமுத்திரத்திலிருந்து

> கண்ணி எப்படி?

எனக்குத் தோன்றாமல் போயிற்றே! நம் சொற்பட்டியலில் மாற்றிவிட்டேன்: இரட்டை எர்த்துக் கண்ணி, உறுமல். அடுத்தது லைன் அவுட், பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற துளை. ‘வரி வெளியீடு’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.