அம்மாவின் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை இலங்கைத் தேயிலைத் தோட்டம் கட்டவில்லை. வழக்குப் போட வேண்டியது யார்?

லயத்துப்பிள்ளை, பதுளை:
அம்மா கொழுந்து எடுத்தே இடுப்பு போய் வேலையை விட்டுட்டாங்க. 50 வயசு தாண்டியாச்சு, ஈ.பி.எஃப் எடுக்கலாம்னு கணக்கைப் பார்த்தா, 2016க்குப் பிறகு பல வருஷத்துக்கு ஒரு சதமும் விழல்ல. ஆனா சம்பளச் சீட்டு எல்லாத்திலயும் 8% வெட்டியிருக்காங்க. சீட்டுகளை அம்மா பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருக்காங்க. தோட்டத்து மேனேஜர் துரைகிட்ட கேட்டா "தேயிலைக்கு விலை இல்ல, கம்பனி கட்டும்"ங்கிறார். நாங்களே லோயர் புடிக்கணுமா?

பழைய கிளாக்கர்:
வேணாம் தங்கச்சி. லோயருக்குன்னு நகை அடகு வச்சிடாதீங்க. இந்த வழக்கைப் போடுறது தொழில் ஆணையாளர். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஈ.பி.எஃப் சட்டம் அந்தப் பொறுப்பை அவர்கிட்டதான் குடுத்திருக்கு. மாவட்டத் தொழில் அலுவலகத்துல எழுத்துல முறைப்பாடு குடுங்க, குடுத்ததுக்கு இலக்கம் வாங்காம வராதீங்க.

நான் தோட்ட ஆபீசுல செக்ரோல், அதான் வேலை நாள், சம்பளப் பதிவேடு, எழுதினவன். அம்மா சம்பளத்துல 100 ரூபாய்க்கு 8 ரூபா வெட்டினா, கம்பனி 12 போட்டு 20 ரூபாயா அடுத்த மாசம் முடியிறதுக்குள்ள கட்டணும். விலை விழுந்துச்சுங்கிறது சட்டத்துல சாட்டே இல்ல. அந்த 8 ரூபா கம்பனி காசும் இல்ல, மலையில நின்னு அட்டைக்கு ரத்தம் குடுத்தவங்க காசு. எனக்கு ஆத்திரமெல்லாம் அதுலதான். ஒரு வருஷத்துக்கு மேல இழுத்தா 50% வரைக்கும் மேலதிகக் கட்டணம் ஏறும்.

கட்டலேன்னா ஆணையாளர் சான்றிதழோட நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார், அங்க நிலுவையை அபராதம் மாதிரி அறவிடலாம். சான்றிதழ்ல உள்ள தொகை சரியா பிழையான்னு நீதவான் முன்னால கிளற முடியாது. அதனாலதான் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துல அந்தச் சான்றிதழைத் தடுக்கச் சொல்லி ரிட் கட்டளை கேட்டு ஓடுறது, இல்லேன்னா தவணை கேக்குறது. இழுபடும், ஆனா விடாதீங்க. அந்த டின் பத்திரம். ஒவ்வொரு சீட்டுக்கும் போட்டோப் பிரதி எடுங்க, ஒரிஜினலை யார் கேட்டாலும் கையை விட்டுக் குடுக்காதீங்க.

மஸ்கெலியா அண்ணன்:
அடையாள அட்டையில உள்ள பேரும் செக்ரோல் பேரும் ஒண்ணான்னு இப்பவே பாருங்க. எங்க அத்தைக்கு அட்டையில மாரியாயி, செக்ரோல்ல மாரியம்மா. காசு இருந்தும் அந்தப் பேரைத் திருத்தவே அலைஞ்சு களைச்சுப் போனாங்க. அதோட தனியாப் போகாதீங்க. அதே வருஷங்கள்ல வேலை செஞ்ச எல்லாரையும் சேர்த்து, சங்கத்துக் கடுதாசியும் வாங்கிட்டுப் போங்க.

லயத்துப்பிள்ளை:
நன்றி அண்ணே. பேர்ல ஒரு எழுத்து வித்தியாசம் இருக்கு! வேலையை விட்டா குடுக்கிற சேவைக்காலப் பணமும் இதோட சேருமா?

பழைய கிளாக்கர்:
அது வேற, 1983 சட்டம். 5 வருஷம் முடிச்சிருந்தா, நாள் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை விட்டு 30 நாளைக்குள்ள குடுத்திருக்கணும். அதே அலுவலகத்துல தனி முறைப்பாடா எழுதுங்க. கம்பனி தனியாக் கட்ட வேண்டிய 3% ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கட்டியிருக்கான்னும் கையோட பார்த்திடுங்க, அதையும் விட்டிருப்பாங்க.