புதுப்பிப்பு: அம்மாவுக்காகப் பார்த்த ராஞ்ச் வீடு, பிளானில் என்ன மாற்றினோம்

டல்லாஸ் பக்கம் பில்டரிடம் ஒரே தளமுள்ள ராஞ்ச் வீடு வாங்கப்போகிறோம், வாக்கரில் நடக்கும் அம்மாவுக்கு இந்த பிளான் சரிப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"தரையில் டேப் ஒட்டிப் பாருங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கண்ணைத் திறந்தது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அம்மாவின் 10க்கு 10 அடி அறையை மாஸ்கிங் டேப்பால் போட்டோம். குயீன் கட்டில் 80 அங்குல நீளம். கால்மாட்டில் மிச்சம் 40. அங்கே 20 அங்குல டிரெஸ்ஸர் (துணி வைக்கும் இழுப்பறை அலமாரி) வந்துவிட்டால் பாதிதான் வழி. அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். பிளானில் அறை எவ்வளவு தாராளமாகத் தெரிந்தது!

பிளானில் பாத்ரூம் கதவுக்கு 2468 என்று போட்டிருந்தது. 2 அடி 4 அங்குல அகலம், 6 அடி 8 அங்குல உயரம் என்று அர்த்தமாம். கதவைத் திறந்தால் கிடைக்கும் வழி அதிலும் குறைவு. 3068 ஆக மாற்றச் சம்மதித்தார்கள். அம்மா பிடித்துக்கொள்ளும் கைப்பிடியை மாட்டச் சுவருக்குள் மரக்கட்டையும் வைப்பார்கள். படியில்லாத ஷவருக்குக் கான்கிரீட் தளத்திலேயே பள்ளம் விடவேண்டும், வடிகால் குழாயும் அதற்குள்தான் போகிறது. அதனால் தளம் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட்டோம்.

அம்மாவின் அறையைப் பெரிதாக்கச் சுவரை நகர்த்த மட்டும் மறுத்துவிட்டார்கள். அதனால் பெரிய படுக்கையறை அம்மாவுக்கு, சின்னது எங்களுக்கு. "எனக்கு எதுக்குப்பா அவ்வளவு பெரிய ரூம்?" என்று இரண்டு நாள் மறுத்தார். இப்போது ஜன்னலோரம் சாமி படம் எங்கே வைப்பது என்று கேட்கிறார்.