நெல், தேயிலை, கோதுமை, தென்னை: காசு போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

கோண்டாவிலான் எழுதியது:

வங்கி வைப்பு வட்டி இறங்கியதிலிருந்து எங்கள் பக்கத்தில் பலர் கேட்கிற கேள்வி இது. அரிசி, தேங்காய், தேயிலை எல்லாம் விலை ஏறுகிறதே, அந்த ஏற்றத்தில் எங்களைப் போன்றவர்களும் ஒரு பங்கு பிடிக்க வழி உண்டா? சிக்காகோவில் சோளத்துக்கும் கோதுமைக்கும் எதிர்கால ஒப்பந்தச் சந்தை, அதாவது பின்னொரு மாதத்தில் கைமாறுகிற சரக்குக்கு இன்றே விலை பேசுகிற சந்தை, நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. இங்கே இலங்கையில் நெல்லுக்கோ வெங்காயத்துக்கோ அப்படி ஒன்று இல்லை. அதனால் ஆளாளுக்கு ஒவ்வொரு வழியில் போயிருக்கிறோம். விலை ஏறியபோது உங்கள் கைக்கு உண்மையில் என்ன வந்தது என்பதை எழுதுங்கோ.

என்னுடையது தேயிலை. பங்குத்தரகர் ஒருவரிடம் பதிந்து, சிடிஎஸ் கணக்குத் (வாங்குகிற பங்குகள் பதிவாகிற கணக்கு) திறந்து, கொழும்புப் பங்குச் சந்தையில் பெருந்தோட்டக் கொம்பனிப் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். தலவாக்கலை, களனிவெளி, கேகாலை, பொகவந்தலாவை என்று அங்கே வரிசையாக இருக்கின்றன. 2021 இல் கொழும்பு ஏலத்தில் கிலோ சராசரி 600 ரூபாயை ஒட்டி நின்ற தேயிலை, 2022 இல் 1,200 ஐத் தாண்டியது. இதில் பெரும்பகுதி டொலர் செய்த வேலை. அது 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. மற்றப் பக்கம் 2021 இல் அரசு இரசாயன உர இறக்குமதிக்குப் போட்ட தடை. 2021 இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த விளைச்சல் அடுத்த வருடம் 250 மில்லியனுக்கு வந்தது. கொம்பனிகள் நல்ல லாபம் காட்டின, எனக்கும் பங்கிலாபம் வந்தது. ரூபாய் நிமிர்ந்ததும் அந்த வேகம் அடங்கிவிட்டது. ஆக, தேயிலைப் பங்கு எனக்குத் தந்தது தேயிலை விலையை விட ரூபாயின் வீழ்ச்சியைத்தான்.

இன்னும் இரண்டு விசயம் பார்க்கவேண்டும். தோட்டத்தில் பெரிய செலவு சம்பளம். 2021 இல் நாளுக்கு 1,000 ரூபாய், 2024 இல் 1,350. அது இன்னும் கூடவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழும்? பங்கு வாங்குகிறவர் அந்தச் செலவையும் மனதில் வைத்துக் கணக்குப் போட்டு வாங்கவேண்டும். மற்றது காணி. அது கொம்பனிக்குச் சொந்தமில்லை. 1992 இல் அரசிடமிருந்து 53 வருடக் குத்தகைக்கு எடுத்தது, 2045 இல் முடிகிறது. ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கோ.

நெல்லுமூட்டை எழுதியது:

மாமா கிளிநொச்சியில் கமம் செய்கிறார். காலபோக அறுவடையில் நெல் வாங்கி அடுக்கி, விலை ஏறினதும் விற்பது எங்கள் வழி. கேட்க எளிதாக இருக்கும். இப்போது வெட்டுவது மெசின் என்பதால் ஒரே கிழமையில் ஊர் நெல் முழுக்கச் சந்தைக்கு வந்து விலை விழுகிறது. சில மாதம் பொறுத்தால் ஏறும். பொறுக்கிற அந்த மாதங்களுக்குள்தான் எல்லாமே இருக்கிறது.

முதலாவது ஈரம். 20 வீத ஈரத்தில் 100 கிலோ வாங்கி 14 வீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோதான் மிஞ்சும். அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை விலை சொல்வதும் 14 வீத ஈர நெல்லுக்குத்தான். மாமா ஒவ்வொரு போகமும் சொல்வார்: "தம்பி, காயாத நெல்லை அடுக்கினா ஊருக்கு விலை ஏறும், உனக்கு ஏறாது." அதற்குப் பிறகு எலி, வண்டு, சாக்கு, ஏற்றிறக்குக் கூலி, கடன் எடுத்திருந்தால் வட்டி. கூரையில் ஒரு ஓடு விலகினாலும் கீழே இருக்கிற அடுக்கு பூஞ்சணம் பிடித்துவிடும். வாங்கின விலையோடு இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் எத்தனை மூட்டை என்று முடிவெடுப்போம்.

அடுத்தது அரசாங்கம். 2021 ஓகஸ்ட் கடைசியில் அவசரகாலச் சட்டம் போட்டு சீனி, நெல், அரிசிக் களஞ்சியங்களைச் சோதனை போட்டார்கள். 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதியைத் திறந்தார்கள். 2025 பெப்ரவரியில் கிலோ நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாய் என்று கொள்வனவு விலை அறிவித்தார்கள். இதில் எது வந்தாலும் உங்கள் கணக்கு ஒரே நாளில் மாறும். பதுக்கல் சட்டப்படி குற்றம் என்பதால் ரசீது, பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும்.

மனதில் கிடக்கிற இன்னொன்றையும் சொல்லவேண்டும். அறுவடை நேரம் நெல்லை விற்கிற கமக்காரருக்கு உரக்கடன் கழுத்தில் நிற்கும். அவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி வைத்து நாங்கள் லாபம் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் நானும் மாமாவும் வேறு மாதிரிச் செய்கிறோம். அன்றைய சந்தை விலையைக் கையில் கொடுத்துவிடுவோம், பிறகு விற்றதும் செலவு போக மிஞ்சுவதில் பாதி அவருக்கு. லாபம் குறைவுதான். ஆனால் அடுத்த போகத்தில் நல்லாகக் காய்ந்த நெல்லை அவரே முதலில் எங்களிடம் கொண்டுவருகிறார்.

உரும்பிராய் – ரொறன்ரோ எழுதியது:

இங்கே இருக்கிறவர்களுக்குப் பங்குச் சந்தையிலேயே கோதுமை, சோளம், சீனி என்று தனித்தனி நிதியங்கள் கிடைக்கும். கோதுமை, சோளத்தில் வழக்கமான எதிர்கால ஒப்பந்தம் ஒன்று 5,000 புசல் (அங்கே தானியம் அளக்கிற அளவு), அதை நேரே வாங்க எங்களால் ஏலாது. நிதியத்தில் சின்னத் தொகை போதும். உக்ரைன் சண்டை தொடங்கி, 2022 மார்ச்சில் சிக்காகோவில் கோதுமை புசல் 13 டொலரைத் தாண்டியபோது என்னோடு வேலை செய்கிறவர்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். யூலையில் அது 8 டொலருக்குக் கீழே.

விலை இறங்கியதை எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காதது ஒன்று இருக்கிறது. அந்த நிதியத்தில் கோதுமை ஒரு மணி கூட இல்லை, ஒப்பந்தங்கள்தான். தவணை முடிய முன் பழையதை விற்று அடுத்த மாதத்துக்கானதை வாங்கவேண்டும். தூரத்து மாதம் விலை கூட என்றால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தேயும். கோதுமை விலை வருடம் முழுக்க அசையாமல் நின்றாலும் உங்கள் காசு குறைந்திருக்கும். சில நேரம் தலைகீழாகவும் நடக்கும்: உடனடிச் சரக்குக்குத் தட்டுப்பாடு என்றால் கிட்டின மாதம் விலை கூடி, மாற்றும்போது லாபம் வரும். கொக்கோ 2024 டிசம்பரில் தொன் 12,000 டொலரைத் தாண்டியது அப்படியான தட்டுப்பாட்டில்தான், மேற்கு ஆபிரிக்காவில் விளைச்சல் கெட்டுப்போய்.

ஊரிலிருந்து "எனக்கும் கொஞ்சம் வாங்கி விடுங்கோ அண்ணை" என்று கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன். கணக்கும் என் பெயர், வரியும் என் பெயர், விலை விழுந்தால் சண்டை குடும்பத்துக்குள். இலங்கையில் இருந்துகொண்டு வெளிநாட்டில் முதலீடு செய்வதென்றால் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வழியாக, வெளிநாட்டுச் செலாவணி விதிகளில் உள்ள வரம்புக்குள் போகவேண்டும். முதலில் உங்கள் வங்கியில் கேளுங்கோ.

நல்லூரடி எழுதியது:

வாட்ஸ்அப் குழுவில் கோப்பி, சீனி "ட்ரேடிங்" என்று ஒரு அப் காட்டினார்கள். எங்கே பதிவு, காசு எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது, யார் பெயரில் என்று கேட்டேன். பதிலுக்கு யாரோ ஒருவரின் தனிப்பட்ட கணக்கு இலக்கம் வந்தது, கூடவே "இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் போனஸ்" என்றார்கள். ஆள் சேர்த்துக் காசு வருகிற திட்டத்துக்கு வங்கித்தொழில் சட்டத்தில் தடை இருக்கிறது. அயலில் ஒரு அக்கா நகையை அடகு வைத்துப் போட்டிருந்தார், அது திரும்பவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்பவும் வயிறு எரிகிறது. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கோ.

பளைத் தென்னை எழுதியது:

பளையில் குடும்பக் காணி, தென்னை. 2024 கடைசியில் கடையில் தேங்காய் ஒன்று 200 ரூபாயை எட்டியபோது எல்லோரும் எங்களைக் கொழுத்த ஆட்கள் என்று நினைத்தார்கள். விலை கூடினதே காய் குறைந்ததால்தான். எங்கள் மரத்திலும் காய் குறைவு, அதற்கு மேலே வெண் ஈ. விலையும் விளைச்சலும் ஒன்றாக ஏறுகிற வருடம் அருமை. தென்னங்காணி வாங்க நினைக்கிறவர்கள் காணி உறுதிப் பத்திரம், கிணற்றுத் தண்ணீர், காய் பறிக்க ஆள் மூன்றையும் பாருங்கோ. மூன்றாவதுதான் இப்போது பெரிய தலையிடி.

கோண்டாவிலான் எழுதியது:

நெல்லுமூட்டை, அந்தப் பாதிப் பங்கு ஏற்பாட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களா, வாய்ப்பேச்சா? எழுத்தில் என்றால் பெயர்களை எடுத்துவிட்டு மாதிரியை இங்கே போடுங்கோ, பலருக்கு உதவும்.

வெங்காயம் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. இடைக்காடு, ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் பக்கம் விதை வெங்காயம் கட்டித் தூக்கி வைத்து விற்பவர்கள் இருப்பீர்கள். எவ்வளவு காலம் வைக்கலாம், எவ்வளவு அழுகும், இறக்குமதி வெங்காயத்துக்கான விசேட பண்ட வரி மாறினால் சுன்னாகம் சந்தையில் விலை எத்தனை நாளில் அசையும் என்று எழுதுங்கோ.