சங்கு ஊதாத வீட்டில் வேலை எப்படி நடக்கும்?

சிங்காநல்லூர் மிக்ஸிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 48. 22 வருடம் ஸ்பின்னிங் மில்லில் ரிங்ஃப்ரேம் சைடராக, அதாவது நூல் நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவனாக, இருந்தேன். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வரும். அத்தனை வருடத்தில் நான் லேட்டாகப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஷிப்டுக்கு மில் சங்கு, அதாவது சைரன், ஊதினால் கால் தானாகச் செருப்பைத் தேடும். 1930களில் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்து கோயம்புத்தூரில் மில்கள் பெருகிய பிறகு, கடிகாரம் இல்லாத வீட்டுக்கெல்லாம் சங்குதான் மணி. எங்கள் பாட்டி அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்.

மில்லை மூடிவிட்டார்கள். செட்டில்மென்ட் பணத்தில் பாதியை மகள் படிப்புக்கு ஒதுக்கிவிட்டு, மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டு வீட்டு முன்னறையில் கடை போட்டேன். வேலை கைக்கு நன்றாகப் படிந்துவிட்டது. ஆர்மேச்சர் மாற்றுவேன், காயிலும் கட்டுவேன்.

ஆனால் ஷெல்ஃபில் இப்போது 11 மிக்ஸி நிற்கிறது. அதில் பாதி கப்ளர், கார்பன் பிரஷ் மாதிரி சில்லறை வேலை, உட்கார்ந்தால் கால் மணி நேரம். உட்காருவதில்தான் சங்கடம். காலையில் பேப்பர் படிக்கிறேன், டீக்கடைக்குப் போகிறேன், ஒரு ஸ்பேருக்காக டவுனுக்குக் கிளம்புகிறேன், திரும்பி வந்தால் மதியச் சாப்பாடு. நாள் முழுக்க அலைந்த களைப்பு மட்டும் இருக்கும்.

போன வாரம் அடுத்த தெரு அம்மா ஒருவர் வந்தார். அவர் மிக்ஸி 19 நாளாக என்னிடம் இருந்தது. நாளைக்குத் தருகிறேன் என்றேன். “நாளைக்கு நாளைக்குன்னு நாலு தடவை ஆச்சுங்க. அப்படியே குடுங்க” என்று வாங்கிக்கொண்டார். அவர் அதைத் தூக்கிப் பையில் போடும்போதுதான் கவனித்தேன், அடியில் சிவப்பு பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. லோடு அதிகமாகி மோட்டார் சூடானால் அது ட்ரிப் ஆகும். ஆறியதும் அழுத்திவிட்டால் ஓடும். பத்து விநாடி வேலை. சொல்ல வாய் வரவில்லை.

மேலே மேஸ்திரி இல்லாமல் தன்னைத்தானே வேலை வாங்குவது எப்படி? சொந்தத் தொழில் செய்பவர்கள் சொல்லுங்கள். அதிகாலை 4 மணிக்கு எழுந்திரு என்ற வீடியோ எல்லாம் பார்த்துவிட்டேன். முழு நைட் பார்த்தவனுக்கு 4 மணி ஒன்றும் அதிசயம் இல்லை.

பொள்ளாச்சி பால்காரன்:

அண்ணா, ஒரு மாடு வாங்கிக் கட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கறக்க நேரமானால் மடி கல்லாக இறுகிவிடும், மாடு கத்தி ஊரைக் கூட்டும், தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் மடிநோயில் கொண்டுபோய் விடும். பால் சொசைட்டி வண்டியும் எனக்காக நிற்காது. என்னிடம் ஐந்து மாடு இருக்கிறது. ‘இன்றைக்கு மனசு சரியில்லை’ என்று அதுங்களிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இதை வளர்ச்சி, ஒழுக்கம் என்று யாராவது பாராட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். கூடப் பிறந்த தங்கை கல்யாணத்திலேயே மாலை வரவேற்பு நேரத்தில் தொழுவத்தில் இருந்தேன். மாடு என்னை மேய்க்கிறது, அவ்வளவுதான்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, நானும் மில்தான். மெயின்டனன்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவன். உங்கள் கேள்வியில் ஒரு இடம் எனக்கு இடிக்கிறது. சங்குதான் நம்மை வேலை செய்ய வைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கு நம்மை கேட்டுக்குள் கொண்டுவந்து விட்டது, சரி. உள்ளே வந்து பாத்ரூமில் பீடி பிடித்தவர்களும் அதே சங்குக்கு வந்தவர்கள்தானே?

ஃப்ரேமில் எவ்வளவு நூல் ஓடியது என்று காட்டும் ஹாங்க் மீட்டர் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஹாங்க் 840 கெஜம். ஷிப்ட் முடியும்போது ரீடிங் எடுத்து எழுதுவார்கள். முந்தின ஷிப்ட்காரன் எவ்வளவு ஓட்டினான், நாம் எவ்வளவு ஓட்டினோம் என்று எட்டிப் பார்க்காத சைடரை நான் பார்த்ததில்லை. இப்போது உங்களிடம் அந்த மீட்டர் இல்லை.

இன்னொன்று. ஒரு இழை அறுந்தால் ஃப்ரேம் நிற்காது. அந்த இழைக்கான கதிரும் (ஸ்பிண்டில்) மற்றதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஓடுகிற மாதிரியே தெரியும். நூலாக வரவேண்டிய பஞ்சு, கழிவை உறிஞ்சும் நியூமாஃபில் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கும், பாபினில் நூல் ஏறாது. பேப்பர், டீக்கடை, டவுன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் கண்ணில் வந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு கரும்பலகை வாங்கி, கஸ்டமர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். ராத்திரி படுக்கும் முன் அன்றைக்குக் கடையை விட்டு ஓடுகிற நிலையில் வெளியே போன மிக்ஸி எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். திறந்து பார்த்தது, பாதி முடித்தது எதுவும் கணக்கில் வராது.

சிங்காநல்லூர் மிக்ஸிக்காரன்:

ஐயா, கோபமெல்லாம் இல்லை. நியூமாஃபில் என்று படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். பலகை மாட்டுகிறேன். கஸ்டமர் கண்ணில் படும்படி என்பதுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வீட்டிலிருந்து வேலை:

ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். இதே மாதிரி தினமும் எண்ணி எழுதினேன். ஒரு மாதத்தில் எண் ஏறுவதற்காகச் சுலபமான வேலைகளை மட்டும் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். கஷ்டமான வேலை அடியிலேயே கிடந்தது. மில்லை விட்டு வந்தும் மேஸ்திரியைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டுமா அண்ணா?

குன்னூர் மாவுக்கடை:

தம்பி சொல்வதும் நடக்கிற கதைதான். ஆனால் இந்த அண்ணனுக்குச் சுலபமான வேலையே 19 நாள் கிடந்திருக்கிறது, முதலில் அது கிளம்பட்டும்.

நான் பத்து வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எனக்கும் மேலே ஆள் இல்லை, மாவுதான். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கீழே சமவெளியில் ராத்திரி எட்டு மணிக்கு அரைத்தாலும் விடியும்போது பொங்கி நிற்கும். இங்கே மார்கழிக் குளிரில் அது நடக்காது. வந்த புதிதில் கீழே இருந்த பழக்கத்தில் எட்டு மணிக்கு அரைத்தேன். காலையில் திறந்தால் ஊற்றி வைத்தது அப்படியே இருந்தது. ஆறு மணிக்கு பாத்திரத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

அதிலிருந்து கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறேன். காலை ஆறு மணிக்கு மாவு பொங்கியிருக்க வேண்டும். இந்தக் குளிருக்கு 14 மணி நேரமாவது வேண்டும், அப்படியானால் சாயங்காலம் நாலு மணிக்குள் அரைத்து முடிக்க வேண்டும். அதற்கு அரிசி காலை பத்துக்கெல்லாம் ஊறப் போட்டாக வேண்டும். அரைத்ததும் உப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து, தூக்கைச் சாக்கில் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்துவிடுவேன். பத்து மணிக்கு எனக்கு ஆர்வம் இருக்கிறதா என்றெல்லாம் யோசிப்பதில்லை. பத்தாகிவிட்டால் அரிசியில் தண்ணீர் விழும்.

நீங்கள் மிக்ஸியை வாங்கும்போதே ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி’ என்று சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு என்ற சொல்லே கடையில் வரக் கூடாது. அதைவிட முக்கியம், வாங்கிய கையோடு அவர்கள் முன்னாலேயே அடியைத் திருப்பிப் பார்த்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஸ்பேருக்கு வாரம் ஒரு தடவை மட்டும் டவுனுக்குப் போங்கள். நான் வெந்தயம் தீர்ந்ததென்று தினமும் மலையை விட்டு இறங்கினால் கடை என்னாவது?

அப்புறம், அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது மனசுக்குள்ளேயே கிடக்கும்.

சிங்காநல்லூர் மிக்ஸிக்காரன்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன்.

பலகை மாட்டிய முதல் நாள் 0. இரண்டாம் நாளும் 0. மூன்றாம் நாள் கிரைண்டர் பெல்ட் மாற்ற வந்த ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, “இது என்னங்க, கிரிக்கெட் ஸ்கோரா?” என்றார். அன்றைக்கு ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து நாலு மிக்ஸியை முடித்து வைத்தேன். ஆனால் கஸ்டமர் வந்து எடுத்துப் போனால்தானே கணக்கு, அதனால் அன்றும் 0தான். மறுநாள் நாலு பேரும் வந்தார்கள்.

மாவுக்கடை அக்கா சொன்ன மாதிரி வந்தவர் முன்னாலேயே திருப்பிப் பார்க்கிறேன். இந்த மாதத்தில் மட்டும் மூன்று மிக்ஸி பட்டனை அழுத்தியதும் ஓடிவிட்டது. அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் பக்கத்து வீட்டு கிரைண்டரையும் கூட்டி வந்தார்.

டிசைன் தம்பிக்கு: நீங்கள் எச்சரித்ததும் நடந்தது. ஷெல்ஃபின் கடைசியில் எரிந்துபோன மோட்டார் ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் அன்றைக்கு எண் ஏறாது என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது செவ்வாய்க்கிழமைக்குப் பலகை கிடையாது. அன்றைக்குக் காயில் கட்டும் வேலை மட்டும். டீக்கடை இன்னும் விடவில்லை, சாயங்காலத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வேறு கடையில் 300 ரூபாய் கொடுத்துச் சரிசெய்துவிட்டாராம். பட்டன் விஷயத்தைச் சொன்னேன். “அப்படிங்களா” என்றார். உள்ளே குக்கர் விசில் அடித்தது, போய்விட்டார். திரும்ப வருவார் என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன்.

இன்றைக்குப் பலகையில் 2 எழுதியிருக்கிறேன். அதில் ஒன்று எங்கள் வீட்டு மிக்ஸி, ஏழு மாதமாகக் கிடந்தது. கடையை விட்டு வெளியே போகவில்லை, சமையலறைக்குத்தான் போனது, அதை எப்படிச் சேர்க்கலாம் என்று மனைவி கேட்கிறாள். ஃபிட்டர் ஐயா வந்து தீர்ப்புச் சொல்லும் வரை சாக்பீஸை ஒளித்து வைத்திருக்கிறேன்.